காய்ச்சல் காட்டாத வயிற்றுவலி

நர்ஸ் வேலையில் ரத்தத்தைப் பார்த்துப் பழகிவிடலாம். வெளியில் ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் துடிக்கிறவரைப் பார்த்துத்தான் பழகவே முடியாது.

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில் யோங் பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். ஆஸ்பத்திரி என்றால் தகரக் கூரை போட்ட ஒரு கூடம், மருந்தில்லாத ஓர் அலமாரி, அந்த அலமாரிக்குச் சாவி வைத்திருக்கும் ஒரு டிரஸ்ஸர். டாக்டர் இல்லாத தோட்டத்தில் டிரஸ்ஸர்தான் டாக்டர். மாதாமாதம் சுருண்டு படுத்து, ‘பொம்பளைன்னா அப்படித்தான்’ என்று கேட்டே வளர்ந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் எப்படியும் நம்பப்போவதில்லை.

தெர்மாமீட்டர் சட்டம்

அப்போது ரப்பர் பால் வெட்டுவது நின்றுபோய் எல்லாரும் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார்கள். வேலைக்கு வந்தால் அரிசி, வராவிட்டால் இல்லை. காய்ச்சல்காரர்களுக்கு மட்டும் படுத்தாலும் அரிசி உண்டு. அதனால் காலையில் ஆட்கள் வரிசையில் நிற்கும் பெரட்டில், கங்காணி ஆள் கணக்கெடுக்கும்போதே டிரஸ்ஸர் தெர்மாமீட்டரும் கையுமாக நிற்பார். பாதரசம் ஏறினால் படுக்கை, ஏறாவிட்டால் மண்வெட்டி.

செல்லம்மா நல்ல உழைப்பாளி. கல்யாணமாகிப் பல வருஷம், பிள்ளை இல்லை. மாதவிலக்கு வந்துவிட்டால் மட்டும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். நடக்க முடியாத மாமியாரும் அவளுடைய அரிசியைத்தான் நம்பியிருந்தார். அவள் படுத்தால் இரண்டு வயிறு காயும். பாதரசமோ அவளுக்கு ஒருநாளும் ஏறியதில்லை. அவளுக்காக நான் பரிந்து பேசினேன். டிரஸ்ஸர் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே சொன்னார்: “வலிய அளக்குற குழாய் ஒன்னு கொண்டாங்க மிஸ்ஸி, வச்சுப் பாத்துடுறேன்.”

சோம்பேறி மலேரியா

டிரஸ்ஸரைப் பொல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்குத் தெரிந்த வியாதிகள் கொஞ்சம். வருகிற வலியை எல்லாம் அவற்றில் ஏதாவது ஒன்றுக்குள் தள்ளியாக வேண்டும். செல்லம்மாவுக்கு முதலில் வயிற்றில் பூச்சி என்று விளக்கெண்ணெய் கொடுத்தார். வலியோடு பேதியும் சேர்ந்துகொண்டது.

அடுத்த மாதம் மலேரியா என்றார். தங்கத்தைவிட அருமையாக ஒளித்து வைத்திருந்த கொய்னா மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்தார், அது பெரிய மனசுதான். மலேரியா என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், காய்ச்சலும் வரும், இது காய்ச்சலே இல்லாமல் மாதத்துக்கு ஒருமுறை வருகிறதே என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். “இது சோம்பேறி மலேரியா, மிஸ்ஸி. மெதுவாத்தான் வரும்.”

பிள்ளை மருந்து

கொய்னாவும் பலிக்கவில்லை. ஒரு பிள்ளையைப் பெற்றுக்கொள், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டார் டிரஸ்ஸர். பெண்களின் எந்த வலிக்கும் ஊரே சொல்லும் மருந்து அது. செல்லம்மாவின் புருஷனை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், தகவலே இல்லை. அது டிரஸ்ஸருக்கும் தெரியும். வாய் முந்திவிட்டது.

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த பேசினைப் போட்டு உடைத்திருப்பேன். செல்லம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “அந்த மருந்தத்தான் சயாமுக்கு லாரில ஏத்திட்டாங்களே, ஐயா. திரும்பி வந்தா சாப்புடுறேன்.”

காலரா செய்த உபகாரம்

ஒரு நாள் பெரட்டில் நிற்கும்போதே செல்லம்மா வலி தாங்காமல் வாந்தி எடுத்து விழுந்தாள். தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த ஜப்பான் துரை அதுவரை அவளைக் கள்ளச் சீக்குக்காரி என்றே நினைத்திருந்தார். வாந்தியைக் கண்டதும் பின்னால் துள்ளினார். காலரா என்று அவருக்குத் தோன்றிவிட்டது. வலியை நம்பாதவர் தொற்றை உடனே நம்பினார். மரவள்ளி ஏற்றிக்கொண்டிருந்த லாரியைக் காலி செய்து, ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

துணைக்கு நானும் ஏறினேன். பேதியே இல்லையே, இது எப்படிக் காலரா என்று வாயைத் திறந்தேன். டிரஸ்ஸர் கிட்டே வந்து காதோடு சொன்னார்: “காலரா இல்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க மிஸ்ஸி, வண்டிய நிறுத்திடுவான்.”

சாக்லேட்

அங்கே ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர் இருந்தார். செல்லம்மாவிடம் நிறையக் கேள்வி கேட்டார். வலி எப்போது வரும், மலம் கழிக்கும்போது வலிக்குமா, புருஷன் இருந்த நாளில் கூடும்போது வலித்ததா என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவள் ஆமாம் என்றாள். அத்தனை மாதத்தில் எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றாத கேள்விகள். மீதமிருந்த மயக்க மருந்தைக் கொடுத்து வயிற்றைத் திறந்தார். சினைப்பையில் ஒரு கட்டி, அதற்குள் கெட்டியான பழுப்பு ரத்தம்.

“கருப்பைக்குள்ளை இருக்கிற சவ்வு மாதிரி ஒண்டு வெளியிலையும் ஒட்டி வளருது, பிள்ளை. மாசாமாசம் அதுவும் ரத்தம் விடும், வெளியாலை போக வழியில்லை. தேங்கித் தேங்கிக் கட்டியாகும். பிள்ளை தங்காததுக்கும் இது காரணமாயிருக்கலாம்” என்றார். எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் சொன்னார். அதை நாக்கு சுளுக்காமல் சொல்ல நான் பழகுவதற்குள் உலகச் சண்டையே முடிந்துவிட்டது. கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்திருக்கிறேன், மிச்சம் இருக்கும், திரும்பவும் வலிக்கலாம் என்றும் சொன்னார். அந்தக் கட்டியைச் சாக்லேட் கட்டி என்பார்களாம். கண் விழித்த செல்லம்மாவிடம் சொன்னேன். “கடையில கெடைக்காமப் போனதெல்லாம் என் வயித்துக்குள்ளயா மிஸ்ஸி இருந்துச்சு?”

பெரட்டு மேசையில் போத்தல்

காலரா இல்லை என்பதற்குத் துரை அத்தாட்சி கேட்பார் என்று, டாக்டர் அந்தக் கட்டியை ஒரு போத்தலில் போட்டுக் கொடுத்தார். ஸ்பிரிட் இல்லாததால் சீனன் கடைச் சாராயமான சம்சுவை வாங்கி ஊற்றினோம். தோட்டத்துக்குத் திரும்பியதும் டிரஸ்ஸர் முதலில் சம்சுவுக்காக வருத்தப்பட்டார், பிறகுதான் கட்டியைப் பார்த்தார்.

துரை போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “பெத்துல் சாக்கிட்” என்றார். மலாயில் நிஜமான நோய் என்று அர்த்தம். செல்லம்மா உடம்பு தேறும்வரை படுத்திருக்கலாம், அரிசியும் உண்டு, போத்தல் பெரட்டு மேசையிலேயே இருக்கட்டும் என்று உத்தரவானது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் வரிசையில் நின்ற இன்னொருத்தி, வயிற்றில் கை வைத்தபடி என் காதில் கேட்டாள்: “அந்தப் போத்தல நாளைக்கு எனக்குக் கொஞ்சம் இரவல் தருவீங்களா மிஸ்ஸி?”

மறுபடியும்

சில மாதம் நிம்மதியாக இருந்தாள். பிறகு டாக்டர் சொன்னபடியே வலி திரும்பியது, முன்பைவிடக் குறைவு, ஆனால் அதே இடம். அன்று துரை இல்லை. டிரஸ்ஸர் தெர்மாமீட்டரை வைத்தார், பாதரசம் ஏறவில்லை. மிச்சம் உள்ளே இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை நான் தொண்டை கிழியச் சொன்னேன். கங்காணி மேசையில் இருந்த போத்தலைத் தட்டிக் காட்டினார். “வலிய வெட்டி இதுல போட்டாச்சு. கண்ணால பாத்தோம். அப்புறம் ஒனக்கு எப்படிம்மா வலிக்கும்?” கேலியில்லை, நிஜமாகவே கேட்டார்.

படுத்தால் அன்றைய அரிசி போய்விடும் என்று செல்லம்மாவுக்குத் தெரியும். மேசைக்கு வந்து போத்தலை எடுத்தாள். கங்காணியின் இரண்டு கையையும் விரித்து அதில் வைத்தாள். “வலி இதுக்குள்ளதான் இருக்குன்னா, இன்னைக்கு ஒரு நாள் நீங்க வச்சிருங்க கங்காணியாரே. நான் போய்ப் படுத்துக்கிறேன்.”

பெண்ணின் வயிற்றுவலியை நம்பவைக்க வயிற்றையே திறந்து காட்டினாலும், அது ஒரு தடவைக்குத்தான் செல்லுபடியாகும் என்பதே அந்த ஆஸ்பத்திரியில் நான் கற்ற வைத்தியம்.