மைதீன் வண்டியின் கடைசி முறுக்கு

"மச்சான் மவுத்தாயிட்டாங்க அண்ணாச்சி." பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வந்த அழைப்பு, பேசியது மைதீனின் மைத்துனர் ஜலீல். விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். எனக்கு அழுகை வரவில்லை. வண்டி இன்னும் சக்கரம் தரையில் படாமல் ஸ்டாண்டின் மேல்தானே நிற்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. கல்லூரியில் மைதீனோடும் என்னோடும் வேலை பார்த்த உங்களுக்கு இது வியப்பாக இருக்காது.

ஓய்வுபெற்றதும் எல்லாரும் வீட்டுக்கு மாடி எடுப்பார்கள். மைதீனோ இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, மேலப்பாளையம் வீட்டு முற்றத்தில் நிறுத்தினார். முதல் பயணம் மனைவி மரியத்தோடு மணிமுத்தாறுக்கு. ஷாக் அப்சார்பர் செத்துப்போன வண்டி. சேரன்மகாதேவி தாண்டுவதற்குள் மரியத்துக்கு முதுகு பிடித்துக்கொண்டது. திரும்பும்போது மரியம் பஸ்ஸில் வந்தார். இனி அதில் ஏறமாட்டேன் என்றார், ஏறவும் இல்லை. "தனியா ஓட்டுததுக்கா வே ரெண்டு சீட்டு வண்டி வாங்குனேன்?" என்று என்னிடம் புலம்புவார் மைதீன்.

சரிசெய்கிறேன் பேர்வழி என்று முதலில் பந்தய வண்டிகளுக்கான கட்டை ஸ்பிரிங்கை வாங்கிப் போட்டார். வண்டி அழகாகத் தாழ்ந்தது. தெருமுனை வேகத்தடையில் வயிறு தட்டி நின்றது. நான் சிரித்த சிரிப்பில் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவரே, "ரேசுக்கா போறோம்? அவ முதுகு தாங்கணும், அம்புட்டுதான்" என்று எல்லாவற்றையும் கழற்றினார். நல்ல ஷாக் அப்சார்பர், பழைய உயரத்துக்கே ஸ்பிரிங், சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளின் மூட்டுக்குப் புது ரப்பர் புஷ். ஞாயிறு தவறாமல் நான்தான் எடுபிடி. உள்ளதைச் சொன்னால், எனக்கு அலுத்துவிட்டது.

கடைசி ஞாயிறு எல்லாம் மாட்டியாகிவிட்டது. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் போல்ட்டுகளை இறுக்கப் போனேன்.

"முறுக்கிராதீரும் வே! அந்தரத்துல நிக்கையில முறுக்குனா, கீழ எறங்குனதும் ரப்பர் கிழிஞ்சிரும். பைய. பாரம் எறங்கட்டும். ரெண்டு பேரு உக்காந்த பாரத்துலதான் கடைசி முறுக்கு."

அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "மரியம், செத்த வந்து உக்காரு."

"மீன் அடுப்புல கெடக்கு. அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார் மரியம்.

"அடுத்த வாரமே முறுக்குவோம்" என்று மைதீன் கையைத் துடைத்துக்கொண்டார். அந்த வாரம்தான் போய்விட்டார்.

மரியம் வெளியே வராமல் துக்கம் காத்து இத்தா இருந்த மாதங்களில் வண்டியை விலைக்குக் கேட்டு ஆள் வந்தது. விற்றுவிடலாம் என்றுதான் ஜலீலுக்கும் எண்ணம். போல்ட்டுகள் கையிறுக்கத்தில்தான் இருக்கின்றன, எடுத்து ஓட்டினால் ஆபத்து என்று தடுத்தேன். "அந்த வேல முடியட்டும்" என்று மரியம் உள்ளிருந்து சொல்லி அனுப்பினார்.

இத்தா முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். நான் அடியில் புக இடம் இருக்கும்படி சக்கரங்களுக்குக் கீழே தடித்த மரக்கட்டைகளை வைத்து, ஜலீலும் நானும் வண்டியை அவற்றின்மேல் இறக்கினோம். மரியம் யாரும் சொல்லாமலே இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். ஓட்டும் சீட்டில் உட்காரச் சொன்னால் ஜலீல் பின்வாங்கினார். "மச்சான் எடத்துலயா? என்னால முடியாது." உள்ளே போய் இரண்டு அரிசிப் பைகளைத் தூக்கிவந்து அங்கே வைத்தார்.

மரியம் பைகளைப் பார்த்தார்.

"இன்னொண்ணு வைலே. அவங்க இதவிட கனம்."

வண்டிக்கு அடியில் படுத்து முறுக்கும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகும் மரியம் இறங்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

வண்டியை அவர் விற்கவில்லை. ஸ்பானரை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். மைதீனிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த ஸ்பானரும், "பைய வே, பாரம் எறங்கட்டும்" என்ற குரலும்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்போது எனக்குப் போக இடமில்லை.