மேசை லாச்சியில் நான்கு கடிதங்கள்

ஒரு தாய்க்கு அவருடைய மகன் எழுதிய நான்கு கடிதங்களை நான் கொடுக்காமல் என் மேசை லாச்சியில், அதாவது இழுப்பறையில், பூட்டி வைத்திருந்தேன். கொழும்புக் குண்டுவெடிப்பில் மகன் செத்துவிட்டான் என்று அவர் அழுதுகொண்டிருந்தபோது, அவன் உயிரோடு இருப்பது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எனக்கு மட்டும் தெரியும். உத்தியோகத்தர்களின் ஆண்டு மலருக்குப் பணி அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்தவனிடம் வேறு நல்ல கதைகளும் உண்டு. இதை எழுதாமல் அவற்றை எழுத எனக்குக் கை வரவில்லை.

தபால் பை

தொழிலாளர் குடியிருக்கும் லயக் காம்பராக்களுக்குத் தனி முகவரி கிடையாது. பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதித் தலவாக்கலை என்று போட்டால் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். காலை பத்து மணிக்குத் தபால்காரர் கித்தான் பையைச் சுமந்துகொண்டு டவுனிலிருந்து ஏறி வருவார். பையைத் திறந்து பிரிப்பது என் வேலை. தோட்ட மானேஜரான துரையின் கடிதங்கள் ஒரு தட்டில், உத்தியோகத்தர்களுடையவை ஒன்றில், லயத்துக் கடிதங்கள் ஒன்றில். லயத்துக் கடிதங்களை மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

நான் யாழ்ப்பாணத்தவன். மனைவியும் மகளும் அங்கே இருந்தார்கள். நான் இங்கே குவாட்டர்ஸில் தனியாக. போர்க்காலமாகையால் அங்கிருந்து வரும் தபால் வாரக்கணக்கில் நின்றுபோகும். பையைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது மனைவியின் கையெழுத்தைத்தான். கடிதத்துக்குக் காத்திருப்பது என்னவென்று தெரியாமல் நான் அந்தக் காரியத்தைச் செய்யவில்லை.

குண்டு வெடித்த பிறகு

கொழும்பின் நடுவில் குண்டு வெடித்த செய்தி ஆபீஸ் ரேடியோவில் வந்தது. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பதினான்கு பேர் அப்போது கொழும்புக் கடைகளில் வேலை செய்தார்கள். தோட்டத்தில் இருந்த ஒரே டெலிபோன் ஆபீசில் இருந்தது. மத்தியானத்துக்குள் பெற்றவர்கள் கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் முற்றத்தில் வந்து நின்றார்கள். மூன்று நாட்களில் பதின்மூன்று பேரைப் பற்றித் தகவல் கிடைத்தது. லோகநாதனைப் பற்றி மட்டும் ஒன்றும் இல்லை.

அவனுக்கு இருபத்திரண்டு வயது. புறக்கோட்டையில் பலசரக்குக் கடையில் வேலை. அன்று காலை சாமான் கொடுக்கப் போனவன் திரும்பவில்லை என்று கடை முதலாளி சொன்னார். அவன் தாய் பேச்சியம்மா கொழுந்து பறிப்பவர்; புருஷன் இல்லை; ஒரே பிள்ளை. அவர் தொழிற்சங்கத் தலைவரோடு கொழும்புக்குப் போய், ஆஸ்பத்திரியில் கிடத்தியிருந்த உடல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்தார். எதையும் அவன் என்று சொல்ல முடியவில்லை, அவன் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை என்றார் தலைவர்.

அன்றிலிருந்து பேச்சியம்மா பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டுத் தினமும் ஆபீஸ் ஜன்னலுக்கு வருவார்.

"ஐயா, தபால் வந்துச்சுங்களா?"

"ஒண்டும் வரேல்லை, போ."

அந்தக் காலத்தில் லயத்து மனிதர்களை நாங்கள் "நீ" என்றுதான் பேசுவோம், வயது எதுவானாலும். முதல் ஐந்து வாரம் நான் சொன்னது உண்மை.

இதற்கிடையில் ஒருநாள் பொலிஸார் வந்தார்கள். என் அடையாள அட்டையை வாங்கி யாழ்ப்பாண முகவரியை எழுதிக்கொண்டார்கள். தோட்டத்துக்குச் சந்தேகமான கடிதம் ஏதும் வந்தால் நீதான் பொறுப்பு என்று சார்ஜன்ட் சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். துரை அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆறாவது வாரம் பையில் பழுப்பு உறை ஒன்று வந்தது. மேலே பேச்சியம்மாவின் பெயர், மூலையில் சிறைச்சாலை முத்திரை. ஆள் இல்லாத நேரம் பார்த்து அதைப் பிரித்துப் படித்தேன்.

"அம்மா, நான் உசுரோட இருக்கேன். குண்டு வெடிச்ச அன்னைக்கு ரோட்டுல வச்சுப் புடிச்சிட்டாங்க. ஐடென்டி கார்டு இல்லைங்கறதால விட மாட்டேங்கறாங்க. நான் இந்தத் தோட்டத்துல பொறந்தவன்னு துரைகிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கி அனுப்புங்க. அது வந்தா விட்டுருவாங்களாம்."

அந்தச் சர்டிபிகேட் நான்கு வரி. வாரத்துக்கு இரண்டாவது டைப் செய்வேன். பத்து நிமிட வேலை.

கடிதத்தை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். அதைக் கொடுத்தால் அவர் லயம் முழுக்கக் கத்திச் சொல்வார், பொலிஸ் வரும், கொடுத்தது யார் என்று கேட்கும், யாழ்ப்பாணத்தான் என்று என்னை ஏற்றிக்கொண்டு போகும் என்று பயந்தேன். நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். பயம் மட்டும் காரணம் என்றால் அதுவும் பொய். அது ஒரு உத்தியோகத்தரின் மகனுடைய கடிதமாக இருந்திருந்தால் அன்றைக்கே வீடு தேடி ஓடியிருப்பேன்.

பிறகு இன்னும் மூன்று வந்தன. அவற்றை நான் பிரிக்கவில்லை. ஜன்னலில் என் பதில் மாறவும் இல்லை.

கருமாதி

ஒன்பதாவது மாதம் பேச்சியம்மா ஜன்னலில் வேறு ஒன்று கேட்டார்.

"சனங்க கருமாதி செஞ்சிரச் சொல்றாங்கய்யா. எனக்கு மனசு வரலைங்க. நீங்க படிச்சவங்க. செஞ்சிரலாமுங்களா?"

லாச்சி என் முழங்காலுக்கு நேரே இருந்தது.

"இனியென்ன, செய்யத்தானே வேணும்," என்றேன்.

அவர் ஜன்னலுக்கு வருவது நிற்கவேண்டும் என்பதற்காகச் சொன்னேன். கருமாதி நடந்தது, அவர் வருவதும் நின்றது. அதன்பின் தினமும் அந்த நேரத்துக்கு நான் தலையை நிமிர்த்தி வெறும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மலையில் என்னிடம் தினமும் வந்து பேசிய ஒரே ஆள் அவர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டு வாரம் கழித்து அந்த நான்கு வரியை டைப் செய்தேன். துரையின் கையெழுத்துக்குப் போகும் காகிதக் கட்டில் உர ஓடருக்கும் லொறி ரிப்போர்ட்டுக்கும் நடுவில் சொருகினேன். அவர் வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். பதிவுத் தபாலில் சிறைச்சாலைக்கு அனுப்பினேன். முதல் கடிதம் வந்த அன்றே இதைச் செய்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

இரண்டு மாதத்தில் லோகநாதன் வந்துவிட்டான். மாலை போட்ட தன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து சோறு தின்றான் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். நான் செய்த தவறு அத்தோடு சரியாகிவிட்டது என்று நினைத்தேன். நாலாம் நாள் அவன் ஜன்னலுக்கு வந்தான்.

"ஐயா, நாலு காயிதம் போட்டேன். அம்மா ஒன்னுமே வரலைங்கறாங்க. சர்டிபிகேட் வந்துச்சு. காயிதம் வராம சர்டிபிகேட் எப்படிங்க வரும்?"

ஆபீஸில் எல்லோருக்கும் சொல்லும் பதில் என் வாயில் தயாராக இருந்தது.

"தபாலிலை வந்ததெல்லாம் அண்டண்டைக்கே குடுத்தாச்சு."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். தாய் கடிதங்களை வாங்கிக்கொண்டு, பொலிசுக்குப் பயந்து தன்னைக் கைகழுவி, உயிரோடு இருக்கும்போதே கருமாதியும் செய்துவிட்டாள் என்று அவன் எடுத்துக்கொண்டான்; சர்டிபிகேட்டைத் துரையே இரங்கி அனுப்பியிருப்பார் என்று நினைத்தான். என் பயத்தை நான் அந்தத் தாயின் தலையில் ஏற்றிவிட்டேன். அடுத்த மாதமே பொகவந்தலாவைக்குப் போய்விட்டான். அங்கேயே கல்யாணம் முடித்தான். தாய்க்கு அதை வேறு யாரோ வந்து சொன்னார்கள்.

மறுபடியும்

ஓய்வு பெற்றபின் வட்டகொடை ஸ்டேஷன் பக்கம் ஒரு அறை எடுத்துக்கொண்டேன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் வெளிநாட்டில். நான்கு கடிதங்களும் ஒரு பிஸ்கட் டின்னில் என்னோடு வந்தன.

சில வருடங்களுக்கு முன் கொழும்பில் மறுபடியும் குண்டுகள் வெடித்தன. அது ஒரு பெருநாள் காலை. ஹட்டன் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் இருந்த பெண் கைப்பேசியைக் காதில் வைத்து, "எடுடா, எடுத்துத் தொலைடா" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தார். கொட்டகலையில் அவன் எடுத்துவிட்டான். அவர் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினார். பிறகு ஹட்டன் வரை அழுதார். அந்த வாரம் முடியுமுன் பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு பழைய தோட்டத்துக்குப் போனேன்.

பேச்சியம்மா அதே காம்பராவில்தான் இருந்தார். என் குரலை வைத்து அடையாளம் கண்டார். நடந்ததை நின்றபடியே சொன்னேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. படிங்க," என்றார்.

படித்தேன். பிரிக்காத மூன்றையும் நானும் அப்போதுதான் பார்த்தேன். நாலாவதில் இப்படி இருந்தது: "அம்மா, என்னைய வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்களா? யாரையாச்சும் விட்டு ஒரு வரி எழுதச் சொல்லுங்க. இனி நான் எழுத மாட்டேன்."

"இது கருமாதிக்கு முன்னயா, பின்னயா?"

முத்திரையைப் பார்த்தேன். "முன்னம். ஒன்பது நாள் முன்னம். என்னை மன்னியுங்கோ, அம்மா."

அவர் டின்னை என் பக்கம் தள்ளினார். "எங்கிட்ட படிச்சு என்னங்க ஆகப்போகுது? அவன்கிட்ட கொண்டுபோய்க் குடுங்க. இப்பவாச்சும் குடுங்க."

பொகவந்தலாவை பஜாரில் லோகநாதன் ஒரு சிறிய தையல் கடை வைத்திருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் சிரித்தார்.

"கிளாக்கரையாவா? வாங்க, சட்டை தைக்கணுமா? இப்ப உங்களுக்கு அரைவாசித் துணி போதும்."

கடிதங்களை வெட்டு மேசையில் வைத்தேன். தன் கையெழுத்தைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"சர்டிபிகேட்?"

"அதுவும் நான்தான். அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது."

அவர் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "இருபது வருஷத்துக்கு மேல, துரை நல்லவருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். எங்கம்மாதான் கெட்டவங்கன்னு."

பிறகு ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். நானும் அதே பஸ்ஸில்தான் ஏறவேண்டும். அவர் முன் சீட்டில், நான் கடைசியில். ஹட்டனில் மாறியபோதும் அப்படியே. தோட்டத்து முச்சந்தியில் அவர் இறங்கினார். கடிதங்கள் சட்டைப்பையில் தெரிந்தன. திரும்பிப் பார்க்காமல் மேட்டில் ஏறினார். நான் வட்டகொடைக்குப் போனேன்.

விடுமுறை நாட்களில் அவர் தாயிடம் வருகிறார் என்று கேள்விப்படுகிறேன். இருவரும் எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லை. அதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. அந்தத் தாயின் இருபது வருடத்தை என்னால் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

இப்போது அந்த நாற்காலியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். கைப்பேசி வந்தாலும் லயத்துக் கடிதங்கள் இன்னும் உங்கள் மேசைக்குத்தான் வருகின்றன. பை அன்றைக்கே காலியாக வேண்டும். பயம் வந்தால் பயப்படுங்கள். கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் பயப்படுங்கள்.