பிளாட்பாரத்தில் ஒரு தனிநடிப்பு

போன சனிக்கிழமை மத்தியானம். சாப்பிட உட்கார்ந்தேன், போன் அடித்தது. கம்பளையில் தையல் கடை வைத்திருக்கும் செல்வம். அவருடைய மகள் தர்ஷினி என் மாணவி, எட்டாம் வகுப்பு.

“டீச்சர், புள்ளய காணோம்! பேக்கோட போயிட்டா. ‘யாருக்கும் நான் வேணாம், இனி என்னத் தேடாதீங்க’ன்னு அழுதுகிட்டே கத்தினாளாம். பக்கத்து வீட்டு அக்கா கேட்டிருக்காங்க…”

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். ஏன் தெரியுமா? அது நான் எழுதிய வசனம்!

பள்ளிகளுக்கான வலயப் போட்டிக்காகத் தர்ஷினிக்குத் தனிநடிப்புப் பழக்குகிறேன். வீட்டில் கோபித்துக்கொண்டு ரயிலுக்குக் காத்திருக்கும் ஒரு தாய்தான் பாத்திரம். “சும்மா ஒப்புவிக்காதே. அந்த அம்மா நிற்கிற இடத்தில் போய் நின்று பார்” என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தேன்.

“ஸ்டேஷனுக்கு வாங்க!” என்று போனிலேயே கத்திவிட்டு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் பயம். ஒத்திகைக்குத்தான் போனாளா… இல்லை, நிஜமாகவே கொழும்பு ரயிலில் ஏறிவிட்டாளா?

ஸ்டேஷன் வாசலில் செல்வமும் மனைவியும் வந்து சேர்ந்துகொண்டார்கள். உள்ளே ஓடினோம்.

கடைசி பெஞ்சில் இருந்தாள்! பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு சிங்கள அம்மா. தர்ஷினி கையில் ஒரு பணிஸ் ரொட்டியைத் திணித்து, “துவே, கெதர யன்ன” — வீட்டுக்குப் போ மகளே — என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

தர்ஷினியின் தாய் ஓடிப்போய் மகள் முதுகில் ஒன்று வைத்தார். அடுத்த நொடி கட்டிப்பிடித்து அழுதார்.

“பிராக்டிஸ்தாம்மா செஞ்சேன்! டீச்சர்தான் சொன்னாங்க…”

எல்லார் பார்வையும் என் மேல். ஒப்புக்கொண்டேன். வேறு வழி?

செல்வம் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். “அப்பாடா… அப்ப எல்லாமே நீங்க எழுதினதா டீச்சர்? நேத்து டிவிய நிப்பாட்டினேன், அதுக்குத்தான் போயிட்டாளோன்னு…”

“ஒரு வரி மட்டும் என்னோடதுப்பா” என்றாள் தர்ஷினி. “‘நான் என்ன நெனக்கிறேன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?’ — அது.”

செல்வம் மகளை நிமிர்ந்து பார்த்தார்.

“சரி” என்றார் செல்வம். “மொதல்ல இருந்து செஞ்சு காட்டு. கேக்கிறேன்.”

செய்தாள். ரயில் வந்தது, போனது. மனுஷன் அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பாத்திரமாகவே மாறு என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். மாறிவிட்டால் பதறுவது நாம்தான்! வீட்டில் சொல்லிவிட்டுத்தான் ஒத்திகைக்குப் போக வேண்டும் — இது என் புதுச் சட்டம்.

புதன்கிழமை போட்டியில் இரண்டாம் இடம்தான் கிடைத்தது. கடையைப் பூட்டிவிட்டு வந்து முன்வரிசையில் விசிலடித்த செல்வத்திடம் மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது!