கனமில்லாததை வீசலாமா?

என் அப்பா யேசுதாசன் குளச்சல்காரர். துபாயில் ஒரு ஹோட்டலில் ஏசி டெக்னீசியனாக இருந்தார். போன மாதம் ஊரில் அவரை அடக்கம் செய்துவிட்டு நான் துபாய்க்குத் திரும்பும்போது, அம்மா என் பையில் அவருடைய தூண்டில் ரீலை வைத்துவிட்டாள். இப்போது அது என் மேசைமேல் இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் கரகரவென்று சத்தம் வருகிறது. அதற்குக் காரணம் உண்டு.

2006ஆம் வருடம். ஹோட்டல் மொட்டைமாடியில் ஏணி சறுக்கி அப்பாவின் வலது தோள் போயிற்று. சிகிச்சை எல்லாம் முடிந்த பிறகு கம்பெனி டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

"கனமான எதையும் இனி வீசக்கூடாது."

அப்பா வாழ்க்கையில் வீசியது ஒன்றே ஒன்றுதான். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் ஜுமைரா கடற்கரைக்குப் போவார். கையில் தங்கூஸ் என்னும் நைலான் நரம்பு, நுனியில் ஈயக்குண்டு. தலைக்குமேல் சுழற்றி எறிவார். கம்பும் ரீலும் அவரைப் பொறுத்தவரை வெள்ளைக்காரர்கள் சாய்வு நாற்காலியோடு கொண்டுவரும் சாமான்கள். வாரம் முழுக்க அடுத்தவர் அறைகளைக் குளிரவைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு காலைக்காகத்தான்.

"கனமில்லாததை வீசலாமா டாக்டரே?" என்று கேட்டார்.

டாக்டர் சிரித்தார். "பேப்பர் ராக்கெட் வீசுங்க."

அம்மா லீமா நர்ஸ். நோயாளிகளின் முகம் அவளுக்குத் தெரியும். "அவரு வெளையாட்டுக்குக் கேக்கல்ல டாக்டர்" என்றாள்.

அப்படித்தான் பொய்மீனுக்கு வந்து சேர்ந்தோம். இரைக்குப் பதிலாகக் கட்டும் விரல் நீளப் பிளாஸ்டிக் மீன், எடை ஏழு கிராம். நான் பம்பு பராமரிக்கும் கம்பெனியில் மெக்கானிக்கல் இன்ஜினியர். சுழலும் எதுவும் என் துறை. நரம்பு சுற்றிய உருளை அசையாமல் நிற்க, நரம்பு மட்டும் உருவிக்கொண்டு போகும் ஸ்பின்னிங் ரீல் வாங்குங்கள், இலேசான பொய்மீனுக்கு அதுதான் சுலபம் என்றேன்.

"அதுல பெருவிரலுக்கு என்ன ஜோலி?"

"ஒண்ணும் இல்லப்பா."

"அப்பம் வேண்டாம். பெருவிரல்ல நரம்பு தட்டல்லன்னா அது மீன்பிடிப்பா? டிவி பாக்கது மாதிரி."

பெருவிரலுக்கு வேலை உள்ளது பெய்ட்காஸ்டிங் ரீல். வீசும்போது உருளையே சுழன்று நரம்பை விடும். உருளைமேல் பெருவிரலை வைத்து, பொய்மீன் தண்ணீரைத் தொடும் நேரத்தில் அழுத்தி நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் நரம்பு சிக்கிக் குருவிக்கூடாகிவிடும். அப்பாவுக்கு உடனே பிடித்துப்போயிற்று.

சத்வாவில் காயல்பட்டினத்து சதக்கத்துல்லாவின் கடைக்குப் போனோம். சைக்கிள் டியூப், டெலிபோன் கார்டு, தூண்டில் சாமான் எல்லாம் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் கடை. அப்பா ஒவ்வொரு ரீலாக எடுத்து, மரச்சீனிக்கிழங்கு வாங்குவதுபோல் உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார். கடைசியில் ஒரு பெரிய ரீலைப் பிடித்துக்கொண்டார்.

"இதுதான். நல்ல கனம்."

"அப்பா, கனமில்லாததை வீசத்தான் வந்திருக்கோம்."

"வீசுறதுதானே மக்களே கனமா இருக்கக்கூடாது? ரீலு கையிலதானே இருக்கும்?"

நான் உருளையைத் தொட்டுக் காட்டினேன். "ஏழு கிராம் போய் இந்த உருளையைச் சுழற்றணும்ப்பா. உருளை கனமா இருந்தா கெளம்பவே கெளம்பாது. ஆட்டுக்குட்டியைக் கட்டி லாரியை இழுக்கிற மாதிரி."

"பாப்பா சொல்றது சரிதான் அண்ணாச்சி" என்றார் சதக்கத்துல்லா. "இது சுறாவுக்கு உள்ள ரீலு."

"சுறா வந்தா?"

"ஏழு கிராம் பிளாஸ்டிக்குக்கு வர்ற சுறாவுக்கு என்ன சீக்கோ, யாருக்குத் தெரியும்?"

மெல்லிய அலுமினிய உருளை உள்ள சின்ன ரீல் ஒன்றை எடுத்தேன். ஆழமில்லாத உருளை, கொஞ்சம் நரம்புதான் பிடிக்கும். விரலால் சுண்டினால் பேச்சு முடிந்த பிறகும் சுழன்றுகொண்டிருந்தது. அதை ஒரு கம்பில் மாட்டி, பொய்மீனின் கொக்கியைக் கழற்றிவிட்டு, கடைக்குப் பின்னாலிருந்த சந்தில் அப்பா வீசிப் பார்த்தார். தோளைத் தூக்கவில்லை. மணிக்கட்டை மட்டும் அசைத்தார். பொய்மீன் சந்தைத் தாண்டி, தையல்கடை வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவரின் மடியில் போய் விழுந்தது. அவர் இந்தியில் ஏதோ கேட்டார். அப்பாவுக்கு அது காதில் விழவில்லை. விபத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் அம்மா வீட்டைக் கிளறிக்கொண்டிருந்தாள். "இஞ்ச பாருங்க, பெட்டியில இருந்த என் பெரிய சிரிஞ்சை யாராவது கண்டியளா?" அப்பா செய்தித்தாளில் மூழ்கியிருந்தார்.

வெள்ளிக்கிழமை, துபாய்க்கு வடக்கே அலையில்லாத உம் அல் குவைன் காயலுக்குப் போனோம். அப்பா வீசினார். பொய்மீன் அவர் காலடியில் விழுந்தது. மறுபடி வீசினார். மறுபடி காலடி. பலமாக வீசியபோது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற கொக்கு ஒன்று பொய்மீனைத் தலைசாய்த்துப் பார்த்துவிட்டு மரியாதையாக நகர்ந்து போயிற்று.

"கடையில போச்சு, கடல்ல போகல்ல" என்றார் அப்பா. "சாமான் சரியில்ல."

சதக்கத்துல்லா என்ன ஏது என்று கேட்காமல் அதே மாதிரி வேறொன்று மாற்றிக் கொடுத்தார். சந்தில் அதுவும் பறந்தது. தையல்காரர் இந்த முறை முன்கூட்டியே உள்ளே போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை காயலில் அதுவும் காலடியில் விழுந்தது.

 வீட்டுக்கு வந்ததும் அப்பா பழைய தங்கூஸ் சுருளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதை முனியசாமிக்குக் குடுத்துரலாம். கூட வேலை பாக்கிறவன், ஆசைப்பட்டான். சாமான்ல கொறை ஒண்ணுமில்ல. தோளுதான் செத்துப்போச்சு."

குரலில் வருத்தம் இல்லை. பழுதான கம்ப்ரசரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள்.

நான் ரீலை எடுத்தேன். உருளையை விரலால் சுண்டினேன். அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. பக்கத்து மூடியைக் கழற்றினேன். உள்ளே பேரிங் தெரியவில்லை. பழுப்பு கிரீஸ், பிதுங்கப் பிதுங்க.

"அப்பா, இது என்ன?"

"கிரீஸ்."

"யாரு போட்டது?"

"யாரு போடுவா? நான்தான். உப்புத்தண்ணிக்குப் போற புதுச் சாமானை எவனாவது கிரீஸ் போடாம எறக்குவானா? வள்ளத்துக்குப் புது எஞ்சின் வந்தா மொதல்ல கிரீஸ், பின்னதான் சாமியார் வந்து அர்ச்சிப்பு. டார்ச் லைட்டுக்கே போடுவோம்!"

"எப்படிப்பா இவ்வளவு உள்ளே போச்சு?"

அப்பா அம்மாவைப் பார்க்காமல், ஏசி கருவிப் பெட்டியிலிருந்து சிரிஞ்சை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அய்யோ கர்த்தாவே! அது மனுசனுக்கு ஊசி போடுறது!"

"நானும் ஊசிதான் போட்டேன்."

"அதான் ரீலுக்குச் சீவன் போச்சு!" என்றாள் அம்மா.

சதக்கத்துல்லாவுக்குப் போன் செய்தேன். நாங்கள் திருப்பிக் கொடுத்த முதல் ரீலிலும் கிரீஸ்தான் என்றேன். அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது.

"அல்லாவே! அந்த ரீலை நான் சந்துல வச்சு வீசி வீசிப் பாத்தேன் பாப்பா. காலடியிலயே விழுந்துச்சு. எனக்கும் தோளு போயிட்டுன்னு நெனச்சு எக்ஸ்ரே எடுத்துட்டு வந்து உக்காந்திருக்கேன்!"

பேரிங்குகளைப் பெட்ரோலில் கழுவினேன். ஆளுக்கொரு துளி மெல்லிய எண்ணெய் விட்டேன். கைக்குழந்தையைப் பச்சைத்தண்ணீரில் குளிப்பாட்டுவதைப் பார்ப்பதுபோல் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு துளி போருமா? ஒரே ஒரு துளியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவும் குடையோடு காயலுக்கு வந்தாள். அப்பா மணிக்கட்டை அசைத்தார். பொய்மீன் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. தண்ணீரைத் தொட்டதும் பெருவிரல் அழுத்தியது. ஒரு சிக்கல் இல்லை. அப்பா தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் நரம்பு விறைத்தது. மீன்.

அப்பா செய்த முதல் காரியம், கம்பைக் கீழே போட்டது. இரண்டு கடைப்பயணம், ஒரு எக்ஸ்ரே, ஒரு சிரிஞ்சு எல்லாம் சேர்ந்து தேர்ந்தெடுத்த ரீல் ஈரமணலில் முகம்குப்புற விழுந்தது. அப்பா நரம்பை இரு கையாலும் பிடித்து, மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தார். இழுக்க இழுக்க ரீல் மணலில் புரண்டது.

"கைப்பிடியைச் சுத்துங்கப்பா!"

"மீனு வருதுல்லா! சுத்திக்கிட்டு நிக்கவா நேரம்?"

வந்தது ஒரு சீலா, முழங்கை நீளம். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா குடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகுதான் அப்பா ரீலைப் பார்த்தார். எடுத்தார். கைப்பிடியைச் சுற்றினார். கரகரவென்றது.

"இப்பமாவது கொஞ்சம் கிரீஸ் போடலாமா?"

நான் எத்தனை முறை கழுவியும் அந்தச் சத்தம் போகவில்லை. கைப்பிடிப் பக்கப் பேரிங்கில் மணல் கீறியிருக்கிறது, மாற்றிவிடலாம் என்றேன். ஹோட்டலில் ஏசி சத்தம் போடுகிறது என்று புகார் சொல்பவர்களிடம் சொல்வதையே என்னிடமும் சொன்னார்: "ஓடுற மிஷின்னா சத்தம் வரும்." வேலையை விட்டு ஊருக்குப் போகும்வரை வெள்ளிக்கிழமைகளில் அப்படியேதான் பிடித்தார். வீசுவதற்கு ரீல், இழுப்பதற்குக் கை. முனியசாமிக்கு அந்தச் சுருள் கடைசிவரை போய்ச்சேரவில்லை.

அந்த அளவுப் பேரிங் எங்கள் கம்பெனி ஸ்டோரிலேயே இருக்கிறது. மாற்றக் கொஞ்ச நேரம் போதும். இன்று காலையும் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன். கரகரவென்றது. மாற்றவில்லை.