தொப்பையை நம்பி ஒரு பூந்தமல்லிப் பயணம்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி ஞாயிறு, காலை ஆறு மணி. அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி கேட்டுக்கு முன்னால் ஒன்பது ஜோடிகள், பதினெட்டு சைக்கிள்கள். அதில் ஒரு வண்டி மட்டும் ஆள் ஏறியதுமே பெருமூச்சு விட்டது. ஏறியவன் நான். ஸ்டோர்ஸ் குமாஸ்தா. எடை தொண்ணூறு கிலோ. யாராவது பெண்கள் கேட்டால் எண்பத்தைந்து.

போட்டி எங்கள் மேனேஜரின் யோசனை. ஆபீஸ் ஆள் ஒருவர், தினக்கூலி ஒருவர் என்று ஜோடி. பாடி, கோயம்பேடு, பூந்தமல்லி, ஆவடி என்று சுற்றி அம்பத்தூர் திரும்ப வேண்டும். ஏறத்தாழ இருபத்து நாலு மைல். இருவரும் சேர்ந்துதான் கேட்டைத் தொட வேண்டும். முதல் மூன்று ஜோடிகளில் உள்ள தினக்கூலிகளுக்கு வேலை நிரந்தரம். ஆபீஸ் ஆளுக்கு எவர்சில்வர் டம்ளர்.

என் ஜோடி சேகர். இரண்டு வருஷமாகக் காலையில் கேட்டருகே வந்து நிற்பான். சூப்பர்வைசர் கை காட்டினால் உள்ளே, காட்டாவிட்டால் வீட்டுக்கு. மனைவிக்கு ஏழாம் மாதம். சீட்டுக் குலுக்கலில் அவனுக்கு விழுந்தது நான். அன்றைக்குச் சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான்.

"இன்னா சாப்ட அண்ணாத்தே?"

"ஒண்ணுமில்லை. வயிறு காலியா இருந்தா வண்டி லேசு. வழியெல்லாம் எரியறதுக்கு இது இருக்கே" என்று தொப்பையைத் தட்டினேன்.

"நான் ஒரு சட்டி பழைய சோறு அட்ச்சிகினு வந்துகீறேன். நீ இன்னாடான்னா..." என்றவன், விசில் ஊதியதால் மீதியை விழுங்கிக்கொண்டான்.

இந்தத் தத்துவத்தை நான் கேன்டீனில் ஒரு வாரம் பிரசங்கம் செய்திருந்தேன். கணக்குப் பிரிவு வரதராஜன் மட்டும் பயபக்தியோடு கேட்டார்.

பாடியில் லாரிகளுக்கு நடுவே ஓட்டினோம். ஷிப்டு முடிந்து வந்தவர்கள் என்னைப் பார்த்து, "மாமே, டயரு பாவம்!" என்றார்கள். கோயம்பேடு தாண்டியதும் வயல்காற்று. ஏழு மணிக்கு வேலப்பன்சாவடி. சேகர் சைக்கிளில் இருந்தபடியே டீயும் பன்னும் வாங்கினான், முப்பது காசு. என்னிடம் நீட்டினான். ஒரு முனிவரைப் போல மறுத்தேன்.

ஏழரைக்குப் பூந்தமல்லி. மூன்றாவது இடம்! ஆவடிச் சாலையில் வலது பக்கம் திரும்பும்போது டம்ளரில் காபி குடிப்பதுபோல் கற்பனைகூடச் செய்துவிட்டேன்.

பாரிவாக்கம் வந்தது. என் கால்கள் வரவில்லை. சில்லென்று வியர்த்தது, சாலை ஒரு பக்கம் சாய்ந்தது. இறங்கி, ஒரு மைல்கல்லைப் பார்த்து, "ஏன்யா வழியை மறைக்கிறே?" என்று சண்டை பிடித்தேனாம். சேகர் பிறகு சொன்னது.

எங்கள் கம்பெனி டாக்டர் பின்னால் இதை விளக்கினார். கொழுப்பு என்பது பெரிய கட்டை; நின்று எரியும், ஆனால் மெதுவாக. வேகமாக மிதித்தால் உடம்பு சுள்ளி கேட்கும். சுள்ளி என்பது சர்க்கரை. தசையிலும் ஈரலிலும் கொஞ்சம்தான் சேர்த்து வைத்திருக்கும். ஈரலில் இருப்பதில் பெரும்பங்கை ராத்திரித் தூக்கமே தின்றுவிடும். காலைச் சாப்பாடு அதைத்தான் நிரப்புகிறது. மூளையோ சுள்ளிக்குப் பழகிய மகாராஜா. அது தீர்ந்தால் மைல்கல்லோடு வழக்காடும். ஆக, தொண்ணூறு கிலோ விறகு வைத்துக்கொண்டு அடுப்பு அணைந்து கிடந்தவன் நான்.

எதிரே மாரியம்மன் கோயில். அண்டா நிறையக் கூழ். சேகர் ஓடினான்.

"யம்மா, ஒரு சொம்பு ஊத்தும்மா, ஆளு சாய்ஞ்சிட்டாரு!"

"படையல் போடாம ஒரு சொட்டு ஊத்தக் கூடாது நைனா. பூசாரி குளிக்கப் போய்க்கீறாரு" என்றாள் அண்டாவைக் காத்து நின்ற பெண்மணி. அதற்குள் வரதராஜனும் அவருடைய ஜோடியும் எங்களைத் தாண்டிப் போனார்கள். நாலாவது இடம். சேகர் சாலையைப் பார்த்தான். அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு வெல்லக்கட்டிகளை எடுத்தாள். "கூழு அம்மனுது. இது என் ஊட்டுது. வாயில போடு. இம்மாம் பெரிய உடம்ப வெச்சிகினு இப்டியா பட்டினி கெடப்பே?"

ஒன்றைச் சப்பித் தண்ணீர் குடித்தேன். பத்து நிமிஷத்தில் சாலை நேரானது. மைல்கல் மைல்கல்லாகவே தெரிந்தது. பூசாரியும் வந்து கற்பூரம் காட்டினார். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு ஒரு சொம்பு கூழ்.

"அண்ணாத்தே, இப்ப முடியுமா?"

"மிதி!"

ஆவடி டிப்போவையும் சந்தையையும் நான் பார்க்கவில்லை. சேகரின் முதுகை மட்டும் பார்த்தேன். திருமுல்லைவாயிலில் ஒரு புளியமரத்தடியில் வரதராஜன் உட்கார்ந்து மரத்தை முறைத்துக்கொண்டிருந்தார். அவருடைய ஜோடி கோவிந்தன் துண்டால் விசிறினான். என் சிஷ்யராயிற்றே, அவரும் வெறும் வயிறு! மிச்ச வெல்லத்தை எடுத்தேன்.

"குட்த்துட்டு வா, பேசிகினு நிக்காதே!" என்று கத்தினான் சேகர்.

ஒன்பதேகாலுக்கு இருவரும் கேட்டைத் தொட்டோம். மூன்றாவது. கால்மணி கழித்து நாலாவதாக வந்த கோவிந்தனின் பெயரை, அடுத்த காலியிடத்துக்கென்று மேனேஜர் குறித்துக்கொண்டார்.

அந்தச் சாலையில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: வயல், லாரி, புளியமரம், கொஞ்சம் ஈரமுள்ள மனிதர்கள். எங்கள் தெருவிலும் அவ்வளவுதான். ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே சேகர் வந்துவிட்டான். வழக்கம்போலக் கேட்டருகே தினக்கூலி வரிசையில் நின்றான். உள்ளே போகச் சொல்லி வாட்ச்மேன் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.