நத்தார்ப் படத்துக்கு ஒரே நிறம்

அக்காவும் அத்தானும் ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வந்த முதல் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, கார்த்திகையிலேயே எங்களுக்கு ஒரு கலர்ப் படம் அனுப்பியிருந்தார்கள். எண்பத்தைந்தாம் ஆண்டு அது. அக்கா, அத்தான், அங்கே பிறந்த குழந்தை மூவரும் ஒரே சிவப்பில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு பனிக்குள் நின்றார்கள். அம்மா குழந்தையின் கன்னத்தைத் தடவிப் பார்த்து அழுதார். கடலுக்குப் போகிற அப்பா பனியைப் பார்த்துவிட்டு, "உதுக்குள்ளை மீன் எப்பிடி உயிரோடை கிடக்கும்?" என்று கேட்டார். தம்பிமார் இருவரும் பின்னால் நின்ற காரைப் பார்த்தார்கள். நான் உடுப்பைப் பார்த்தேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஏ.எல். சோதனை எழுதிவிட்டு மறுமொழிக்குக் காத்திருந்தேன். யாழ்ப்பாணத்துக் கரையோரத்தில் இருக்கும் எங்கள் குருநகரிலேயே அழகு தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. எங்கள் வீட்டு யன்னல் சீலையைத் தெரிவு செய்தவள் நான் என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் ஒன்றும் கிடையாது. நாங்களும் ஒரே நிறத்தில் உடுத்தி ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும், அதைப் பார்த்து அங்கே இருக்கிறவர்கள் எங்களைப் பாவம் என்று நினைக்கக்கூடாது என்று அன்றிரவே சாப்பாட்டின்போது அறிவித்தேன்.

அம்மா நீலம் என்றார், மாதாவின் நிறம் என்பதால். எனக்கு அது சம்மதமில்லை. சிவப்பும் சரிவராது; அக்காவைப் பார்த்துச் செய்தது என்று தெரிந்துவிடும். அதனால் சிவப்பிலும் கொஞ்சம் கடும் நிறமாக மெரூன் எடுத்தேன். பெரியகடையில் ஒரே கட்டிலிருந்து எல்லோருக்கும் வெட்டுவித்தேன். அம்மாவுக்கும் எனக்கும் நீண்ட கைச் சட்டை, பாவாடை. அம்மா கலியாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சேலை இல்லாமல் படத்துக்கு நிற்கப் போகிறார் என்பதை நான் ஒரு புரட்சியாகவே நினைத்தேன். அப்பாவுக்கும் தம்பிமாருக்கும் சேர்ட். தையல்காரர் துணியைப் பார்த்து, "கோயில் பாட்டுக் கோஷ்டிக்கோ, தங்கச்சி?" என்று கேட்டார்.

அப்பா சேர்ட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பெருநாளுக்கு பான்ட் அடிக்க வாற பொடியள்தான் உந்த நிறம் போடுறவங்கள். நான் என்ன ட்றம் அடிக்கவோ?"

"எல்லாரும் ஒரே மாதிரி நிண்டாத்தான் அப்பா வடிவு."

"அப்ப நான் நிக்கேல்லை. நீங்கள் வடிவா நில்லுங்கோ."

அப்பா ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். சேர்ட் அலுமாரிக்குள் போயிற்று. உண்மையைச் சொன்னால், நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. வெயிலில் கறுத்த அவருடைய கழுத்துக்கு மெரூன் எடுபடாது என்று மனதுக்குள் ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

பிறகு இடம். கரையில் எங்கள் வள்ளத்துக்குப் பக்கத்தில் எடுக்கலாம் என்று அப்பா சொன்னார். மீன் மணம் படத்திலும் வந்துவிடும் என்பதுபோல நான் மூக்கைச் சுளித்தேன். கீரிமலைக்குப் போகலாம் என்றான் பெரிய தம்பி. வழியில் ஆமிக்காரன் நிற்பான் என்று அம்மா மறித்தார். கடைசியில் எங்கள் வேதக் கோயிலின் பக்கச் சுவரைத் தெரிவு செய்தேன். உயரமான சுவர், வளைந்த பெரிய கதவு, கல்லுப் படி. ஐரோப்பா மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அம்மாவின் கையில் கொடுக்க, பங்குச் சுவாமியாரிடம் கேட்டு அவருடைய தோட்டத்திலிருந்து வெள்ளை லில்லிப் பூவும் ஒரு கொத்து வாங்கி வைத்தேன்.

நத்தாருக்கு முந்திய கிழமை ஸ்டூடியோக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். வரும்போதே கையை விரித்தார்.

"கலர் ரோல் இல்லைப் பிள்ளை. கொழும்பிலையிருந்து சாமான் வரேல்லை. கறுப்பு வெள்ளைதான் கிடக்கு." எங்களை மேலும் கீழும் பார்த்தார். "உந்த நிறம் கறுப்பாத்தான் விழும்."

"பரவாயில்லை. கறுப்பு எடுப்பா இருக்கும்," என்றேன்.

பிறகு ஆட்களை நிறுத்தினேன். அம்மா நடுவில், நான் ஒரு படி கீழே, தம்பிமார் இரு கரையிலும். பல்லைக் காட்டினால் படம் மலிவாகிவிடும் என்பது என் கொள்கை. "ஒருத்தரும் சிரிக்கக்கூடாது. தூரத்தைப் பாருங்கோ," என்று கட்டளையிட்டேன். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டூடியோக்காரருக்குப் பின்னால் நின்று சின்னவனுக்கு முகத்தைக் கோணிக் காட்டினார். சின்னவன் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தான். அழுகையை அடக்குகிற பிள்ளை மாதிரியே படத்தில் விழுந்திருந்தான்.

படம் கழுவி வந்ததும் அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை, சவ அடக்கத்துக்குப் போய் வந்த மாதிரிக் கிடக்கு?"

"வெளிநாட்டிலை பெரிய ஆக்கள் கறுப்புத்தான் அம்மா போடுறது."

அம்மா மடுக் கோயிலுக்கு அப்பால் போனதில்லை. நானும் போனதில்லை. ஆனால் நான் சொன்ன தோரணையில் அம்மா அடங்கிவிட்டார். படத்தின் பின்பக்கத்தில் என் மிக நல்ல கையெழுத்தில், "உன் பிரிவால் வாடும் அம்மா, தங்கை, தம்பிமார்" என்று எழுதினேன். படத்தில் இல்லாத அப்பாவைச் சேர்ப்பது முறையில்லை என்று விட்டுவிட்டேன். இரண்டு பிரதிகளில் ஒன்றை, ஜேர்மனிக்குப் போக வெளிக்கிட்டிருந்த பக்கத்துத் தெருப் பொடியனிடம் கொடுத்துவிட்டோம். கடிதம் தனியாகத் தபாலில் போனது. அது எங்கே கிடந்ததோ, படம்தான் முந்திப் போய்ச் சேர்ந்தது.

தை மாதம் ஒரு காலை எங்கள் வாசல் படலையில் தந்திக்காரரின் சைக்கிள் மணி கேட்டது. அந்த நாட்களில் தந்தி என்றால் ஒரே ஒரு பொருள்தான். அம்மா உறையைக் கண்டதும், "ஐயோ, என்ரை பேரப்பிள்ளை!" என்று கத்திக்கொண்டு முற்றத்தில் குந்திவிட்டார். அயல் பெண்கள் ஓடிவந்து, யாருக்கு என்ன என்று தெரியாமலே அம்மாவைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினார்கள். நான்தான் பிரித்தேன். ஆங்கிலத்தில் இருந்ததை உரத்துத் தமிழில் வாசித்தேன்.

"அப்பாவுக்கு எப்போது நடந்தது? ஏன் எனக்கு அறிவிக்கவில்லை?" அதற்குக் கீழே ஒரு டெலிபோன் நம்பர்.

பின்வளவில் வலை பொத்திக்கொண்டிருந்த அப்பா சத்தம் கேட்டு ஊசியோடேயே வந்தார்.

"ஆருக்கு என்ன நடந்தது?"

"உங்களுக்குத்தான்," என்றேன்.

"எனக்கு என்ன?"

அம்மா எழும்பி உள்ளே போய், அலுமாரியிலிருந்த மற்றப் பிரதியைக் கொண்டு வந்து என் முகத்துக்கு முன்னால் பிடித்தார். "இப்ப வடிவாப் பார்." அப்போதுதான் அக்காவின் கண்ணால் அதைப் பார்த்தேன். கோயில் சுவர். எல்லோரும் கறுப்பு. அம்மாவின் கையில் வெள்ளைப் பூ. சின்னவனின் கடித்த உதடு. அப்பா இல்லை. பின்னால் திருப்பினால், மரண அறிவித்தலில் வருகிற அதே "பிரிவால் வாடும்". அந்த மாதங்களில் கடலுக்குப் போன எத்தனையோ பேர் நேவிக்காரனின் சூட்டில் திரும்பி வரவில்லை. அக்காவுக்கும் அது தெரியும். வேறு எதை அவள் நினைத்திருக்க முடியும்?

அப்பா கொடியில் கிடந்த ஒரு சேர்ட்டை மாட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பெரிய தபாற்கந்தோருக்குப் போனார். ஜேர்மனிக்கு லைன் கிடைக்கும்வரை மர வாங்கில் இருந்தோம். கடைசியில் எங்களைக் கூப்பிட்டார்கள்.

"பிள்ளை, நான்தான்," என்றார் அப்பா.

மறுபக்கத்திலிருந்து, அருகில் நின்ற எனக்கும் கேட்கிற மாதிரி ஒரு அழுகை. அந்த அழுகையை மீறிக் கேட்க வேண்டும் என்று போலிருக்கிறது, அப்பா ஒரேயடியாகக் கத்தினார்.

"நான் சாகேல்லைப் பிள்ளை! உன்ரை தங்கச்சி படம் எடுத்தவள்!"

கந்தோரில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முத்திரை குத்திக்கொண்டிருந்தவர் குத்துவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "என்னது, பூசையும் வைச்சாச்சோ?" என்றார். அங்கத்தைய பாதிரியார் போன ஞாயிறு அப்பாவின் பெயரை வாசிக்க, முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் எல்லாம் எழுந்து நின்று அவருடைய ஆன்மாவுக்காக மன்றாடியிருக்கிறார்கள். அப்பாவின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "சரி, அது வீண்போகாது," என்று சொல்லிவிட்டு என்னிடம் போனைத் தந்தார்.

"உனக்கு விசரோடி?" என்று அக்கா கேட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. மெரூன் நிறத்தைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். லைன் அறுந்துவிட்டது.

திரும்பி வரும் வழியில் அப்பா நேரே ஸ்டூடியோவுக்குள் ஏறினார். நானும் பின்னால் போகப் பார்த்தேன். "நீ வெளியிலை நில்லு," என்றார். கதவிடுக்கால் எட்டிப் பார்த்தேன். கதிரையில் போய் இருந்துகொண்டு, "தம்பி, நான் உயிரோடை இருக்கிற மாதிரி ஒண்டு எடும்," என்று ஸ்டூடியோக்காரரிடம் சொன்னார்.

அடுத்த கிழமை அந்தப் படத்தை அப்பா பெருமையோடு கொண்டு வந்து அம்மாவிடம் நீட்டினார். படத்தில் அவர் கமெராவைக் கண்ட பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை முழித்து, விறைத்துப்போய் இருந்தார். அந்த வீட்டில் படங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் உரிமையை நான் இழந்திருந்தேன்.

அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, அதைத் தன் பூசைப் புத்தகத்துக்குள் வைத்து மூடினார்.

"இதை அனுப்பாதேங்கோ," என்றார். "இதைக் கண்டால் பெட்டை திரும்பவும் அழத் தொடங்கிவிடுவாள்."