மாடியில் குடியிருந்த தரகன்

கட்டடம் விற்றுக் கொடுக்கும் தொழிலில் மூன்று பேரைச் சமாளிக்க வேண்டும்: விற்பவர், வாங்குபவர், மாடியில் குடியிருந்துகொண்டு நகர மறுப்பவர். இந்த மூன்றாவது ஆளால் எத்தனை வியாபாரம் கெட்டது என்று, தரகு பார்த்து நொந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என் விஷயத்தில் அந்த மூன்றாவது ஆள் நானேதான்.

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் காதர் பாயின் கடைவீடு இருந்தது. கீழே அவருடைய பாத்திரக் கடை. மேலே வாடகைக்கு நானும் என் மனைவி பிலோமினாவும். எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் பாய் என்னைக் கூப்பிட்டு, "அந்தோணி, இந்தக் கட்டடத்த வித்துக் குடு" என்றார். கடையை மூடிவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி தோ பாயோவிலிருக்கும் மகன் நச்சரிக்கிறானாம். ஊரில் அத்தனை தரகர்கள் இருக்க, குடியிருக்கும் என்னிடமே ஏன் கொடுத்தார் என்று குழப்பமாகத்தான் இருந்தது. என் திறமையைப் பார்த்துத்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

கல்யாணப் படம்

முதலில் வந்தவர் ஒரு சீனத் தௌக்கே, அதாவது முதலாளி; பலசரக்கு மொத்த வியாபாரி. பேச்செல்லாம் சந்தை மலாயில். மாடியில் யார் என்றார். "நல்ல குடும்பம், சத்தமே இருக்காது" என்றேன். போகச் சொன்னால் போவார்களா என்றார். அந்தக் காலத்து வாடகைச் சட்டப்படி பழைய குடித்தனக்காரரை லேசில் எழுப்ப முடியாது. "பேசிப் பார்க்கலாம்" என்று இழுத்தேன்.

மேலே வந்தவர், நடுக்கூடத்தில் கிடந்த ஒரு வாளியைச் சுற்றிக்கொண்டு போய், மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் படத்தின் முன்னால் நின்றார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். கோட்டு போட்டிருப்பதால் அடையாளம் தெரியாது என்று நம்பினேன். படியிறங்கும்போது கேட்டார்: "நீ விக்கிறவனா, இருக்கிறவனா?"

வாளி

பிலோமினாவுக்கு அந்த மாடியை விட மனமில்லை. தேவாலயம் ஐந்து நிமிட நடை, ஜெபக் கூட்டத் தோழிகள் எல்லாரும் பக்கத்துத் தெரு. வீடு பார்க்க யாராவது வருகிறார்கள் என்றால் போதும், கூடத்தின் நடுவில் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்துவிடுவாள். அந்தக் கூரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை. நான் வாளியை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளுவேன். ஆள் படியேறி வருவதற்குள் அது மறுபடி நடுக்கூடத்துக்கு வந்திருக்கும்.

ஒரு தடவை வந்தவர் சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "வெளிய நல்ல வெயிலா இருக்கேம்மா?" என்றார். பிலோமினா அசரவில்லை. "சாயங்காலம் பெய்யும் லா!"

இடிப்பார்களா, மாட்டார்களா

கட்டடக் காண்டிராக்டர் சுப்பையாவை ஒரு வாரம் அலைந்து சம்மதிக்க வைத்தேன். அந்த வரிசையையே அரசாங்கம் எடுக்கப்போவதாக யாரோ சொல்லிவிட்டார்கள். "இடிச்சிடுவாங்களாமே, எதுக்கு அண்ணே வாங்கணும்?" என்று போய்விட்டார்.

பாயிடம் போய்ச் சொன்னேன். வருத்தப்படுவார் என்று பார்த்தால், எனக்குத் தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார். எப்போது வியாபாரம் கலைந்துபோனாலும் இப்படித்தான். பெரிய மனசு என்று நினைத்துக்கொள்வேன்.

எண்பதுகளில் பேச்சு தலைகீழானது. பழைய கட்டடங்களையெல்லாம் பாதுகாக்கப் போகிறார்களாம். துள்ளிக்கொண்டு சுப்பையாவிடம் ஓடினேன். "இடிக்க விடமாட்டாங்களாமே, எதுக்கு அண்ணே வாங்கணும்?"

கிளமெண்டி

பிலோமினாவுக்குத் தெரியாமல் அரசாங்கம் கட்டும் வீவக அடுக்குமாடி வீட்டுக்கு விண்ணப்பித்திருந்தேன். கிளமெண்டியில், ஒன்பதாவது மாடியில் கிடைத்தது. விஷயம் தெரிந்து அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கெஞ்சிக் கூத்தாடி வீட்டைக் காட்டக் கூட்டிப் போனேன். எங்கள் மாடியில் கழிவறை கிடையாது. கீழே இறங்கி, கடைக்குப் பின்னால் போக வேண்டும். மழை நாளில் குடையோடு. இங்கே வீட்டுக்குள்ளேயே இருந்தது. உள்ளே போனவள் மூன்று தடவை தண்ணீர் இழுத்துவிடும் சத்தம் கேட்டது. பத்து வருஷம் வாளி வைத்த மனுஷி வெளியே வந்து சொன்னாள்: "என்னங்க, இன்னிக்கே சாமான் ஏத்தலாமா?"

நல்ல செய்தி

நாங்கள் வீடு மாறியதும், காலியான மாடிக்காகப் பழைய தௌக்கேயே திரும்ப வந்தார். இடிக்க வேண்டாம், இப்படியே போதும், நாளைக்கே முன்பணம் என்றார். பாயிடம் மூச்சிரைக்க ஓடினேன். டிபன் கேரியர் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றது. அன்றைக்குத் தேத்தண்ணி வரவில்லை.

"'அந்தோணிகிட்ட குடுத்திருக்கேன், ஆள் அமையல'ன்னு சொல்லிச் சொல்லியே மகன்கிட்ட பத்து வருசம் ஓட்டிட்டேன். கடைய மூடிட்டு அவன் வீட்டுச் சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காரவா?" என்றார். எழுபது வயது மனிதரின் கண் கலங்கியது. "மாடியில இருக்கிறவன் விக்கவா போறான்னு, உன்ன நம்பித்தானேப்பா விக்கக் குடுத்தேன்!"

காலி வீடு

மறுநாள் காலை தௌக்கே வருவதற்கு முன்பே மாடிக்குப் போனேன். கட்டில் இல்லை, படம் இல்லை, ஒரு நாற்காலிகூட இல்லை. கிளமெண்டியிலிருந்து தூக்கி வந்த வாளியை நடுக்கூடத்தில் வைத்தேன். தௌக்கே வந்தார். சுட்டெரிக்கும் வெயிலைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், வெகுநேரம் என்னைப் பார்த்தார். பணப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டார்: "நீ போயிட்ட, உன் வாளி ஏன் இன்னும் போகல?"

தௌக்கே வாங்கவில்லை, பாய் கடையை மூடவில்லை, நான் கிளமெண்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து அவர் வாங்கித் தரும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தேன்; அந்த வியாபாரத்தில் நான் யாருக்குத் தரகன் என்பது மட்டும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.